கூப்பிடு தூரம்

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் பெண்கள் மட்டுமே தங்கியிருந்தார்கள். தவமணி அம்மை அவர்களுக்குக் குரு. ஆறு மாதம் முன்பு வந்து சேர்ந்த சிஷ்யை செண்பகவடிவு, குருவைவிடப் பத்து வயது மூத்தவள்.

“எனக்குத் தனிக் குடிசை வேண்டும், அம்மா,” என்றாள் செண்பகவடிவு. “முப்பது வருஷம் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடினேன். மாமியார், பிள்ளைகள், படுக்கையில் கிடந்த அவர். இனி ஒரு குரலும் காதில் விழாத இடம் போதும்.”

“கட்டிக்கொள்ளுங்கள். கூப்பிடு தூரத்தை மட்டும் தாண்டக் கூடாது. மடத்தில் அது ஒன்றுதான் விதி.”

“கூப்பிடு தூரம் என்றால் எத்தனை அடி?”

“கூப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.”

செண்பகவடிவு சமையற்கார மாடத்தியைப் பிடித்தாள். மாடத்தி ஆடு மேய்த்தவள். அவள் குரல் கொடுத்தால் அடுத்த கரட்டில் மேயும் ஆடு திரும்பிப் பார்க்கும். அவள் அடுக்களை வாசலில் நின்று கூப்பிடக் கூப்பிட, செண்பகவடிவு நடந்துகொண்டே போனாள். ஓடை தாண்டி, மேட்டில் ஏறி, இரண்டாயிரமாவது அடியில் குரல் நூலாகத் தேய்ந்தது. அங்கே ஒரு முளை அடித்தாள்.

மறுநாள் காலை அம்மையை அழைத்துப்போய்க் காட்டினாள்.

“யார் கூப்பிட்டது?”

“மாடத்தி.”

“நல்லவேளை. அவள் இன்னும் கொஞ்சம் மூச்சுப் பிடித்திருந்தால் நீங்கள் கேரளத்தில் குடிசை போட்டிருப்பீர்கள்.” அம்மை ஒரு பாறையில் உட்கார்ந்தார். “இப்போது இங்கிருந்து நீங்கள் அவளைக் கூப்பிடுங்கள்.”

“நானா?”

“குடிசையில் இருக்கப்போவது நீங்கள்தானே.”

செண்பகவடிவு கூப்பிட்டாள். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புவதுபோல் இருந்தது அந்தக் குரல். கீழே, தூரத்தில், மாடத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டாள். மாடத்தி நிமிரவில்லை.

“எனக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அம்மா.”

அம்மை முளையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். வழியெல்லாம் நின்று நின்று, “கூப்பிடுங்கள்” என்றார். ஓடைக்கு இப்புறம் வந்தும் எட்டவில்லை. அடுக்களைக்கு நாற்பது அடி இருக்கும்போது மாடத்தி சுளகைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“என்னக்கா, என்ன செய்யுது?”

“ஒன்றுமில்லை. சும்மாதான்.”

“சும்மாக் கூப்பிடுற ஆளா நீங்க?” மாடத்தி தவிடு படிந்த கையால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “சூடு இல்லை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனாள்.

செண்பகவடிவு நெற்றித் தவிட்டைத் துடைக்காமல் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“இங்கே இருந்தால் எல்லார் குரலும் கேட்குமே, அம்மா.”

“கேட்கத்தான் செய்யும்.” அம்மை முளையை அவள் கையில் கொடுத்தார். “உங்கள் குரல் எட்ட எட்ட, இதைத் தள்ளி அடித்துக்கொள்ளுங்கள்.”