முதலாளி தட்டிய தட்டு

ஈரோட்டு ஜவுளிக்கடை முதலாளி நாச்சிமுத்துவுக்குப் பொறுமை கிடையாது. கம்ப்யூட்டரில் சேலைப் படம் திறக்கச் சற்றுத் தாமதமானாலும் மவுஸைப் படபடவென்று தட்டுவார். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும்.

"இன்னைக்கே இது நிக்காம ஓடோணும். இல்லைன்னா நீ வீட்டுக்குப் போயிக்க!" என்றார், பில் போடும் மரகதத்திடம்.

மரகதம் மாடி குடோனுக்கு, சரக்கு எடுத்து வரும் ஆறுச்சாமியை அனுப்பினாள். "பச்சைச் சேலை எடுத்துட்டு வாங்கண்ணா!" பாதிப் படியில், "அண்ணா, சிவப்பு!" உடனே, "அண்ணா, நீலம்!" ஆறுச்சாமி ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் படியிலேயே நின்றுவிட்டார்.

முதலாளி பாய்ந்தார். "ஏம்புள்ள, இருக்கறது ஒரே ஆளு! ஒண்ணை எடுத்துட்டு வர்றதுக்குள்ள இன்னொண்ணு சொன்னா எப்படி? சித்த பொறு!"

"கம்ப்யூட்டரும் உங்ககிட்ட அதையேதானுங்க சொல்லுது. டிஸ்க்குங்கற குடோன்ல இருந்து படத்தை எடுத்துட்டு வர அதுக்கும் ஒரே ஆளுதான்."

மவுஸுக்குப் போன முதலாளியின் கை, பாதி வழியிலேயே திரும்பி மீசையைத் தடவப் போய்விட்டது.