புளிப்பைத் தின்ற பானை

முன்னொரு காலத்தில், ஒரு மொட்டை மலைக்குள் வெள்ளியும் காரீயமும் ஒரே கல்லில் குடியிருந்தன. வெள்ளி கொஞ்சம்தான், காரீயம்தான் நிறைய. ஆனாலும் தான்தான் வீட்டுக்காரன் என்று வெள்ளி நினைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சமாக இருப்பவர்களுக்கு எப்போதும் அந்த நினைப்பு உண்டு.

வெள்ளியைத் தேடி மனிதர்கள் வந்தார்கள். மலையைக் குடைந்து, விளக்கோடு வயிற்றால் ஊர்ந்து போய்க் கல்லை உடைத்தார்கள். உடைத்ததை வெளியே கொண்டுவந்து உலையில் போட்டார்கள்.

அந்தச் சுரங்கத்துக்காரர்களிடம் ஒரு கைப்பழக்கம் இருந்தது. செத்த மாட்டின் எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைத் தட்டி அகலமான கிண்ணம் ஒன்று செய்வார்கள். உருகியதை அதில் ஊற்றித் துருத்தியால் ஊதினால், கிண்ணம் காரீயத்தை மட்டும் குடித்துவிடும். நடுவில் வெள்ளி ஒரு பொட்டாக நிற்கும். மேஸ்திரி அதை இடுக்கியால் எடுத்துத் துணியில் முடிந்துகொள்வார். அத்தனை காலம் கூடவே கிடந்த காரீயத்திடம் வெள்ளி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

காரீயத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. தன்னைக் குடித்த கிண்ணத்திடம் அது கேட்டது:

“எல்லாரும் என்னை வேண்டாம் என்கிறார்கள். நீ மட்டும் ஏன் உள்ளே விட்டாய்?”

“நான் எலும்பு,” என்றது கிண்ணம். “மாட்டுக்குள் இருந்தபோது எனக்குச் சுண்ணாம்பு வந்துகொண்டே இருக்கும். வாங்கி வாங்கி அடுக்கிவைப்பேன். நீ வந்ததும் சுண்ணாம்புதான் வந்திருக்கிறது என்று கதவைத் திறந்துவிட்டேன்.”

“உயிரோடு இருக்கும் எலும்பும் இப்படித்தான் ஏமாறுமா?”

“அதற்குப் பசி அதிகம். என்னைவிடச் சீக்கிரம் ஏமாறும்.”

“மாட்டுக்கு மட்டும்தான் எலும்பு உண்டா?”

உலைக்கு எதிரே இருசன் என்ற வாலிபன் துருத்தி மிதித்துக்கொண்டிருந்தான். சட்டை போடாத உடம்பு. மூச்சு வாங்கும்போதெல்லாம் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. காரீயம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அது யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. புகையாகி இருசனின் மூக்குக்குள் போயிற்று. தூசியாகி அவன் சோற்றுக் கையில் ஒட்டிக்கொண்டது. அவசரமே படவில்லை.

இருசனுக்கு மாதியோடு கல்யாணம் ஆயிற்று. கிண்ணங்களை இடித்து மறுபடி உருக்கினால் காரீயம் திரும்பக் கிடைக்கும், அதைக் கேட்பாரில்லை. அதனால் கல்யாணம் ஆகிறவனுக்கு மேஸ்திரி அதில் ஒரு கட்டியைச் சும்மா கொடுப்பார். மாப்பிள்ளை அதில் ஒரு பானை வார்த்துப் புதுப் பெண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டும். மலையடிவாரத்தில் கல்யாணப் பானை இல்லாத வீடு இல்லை. உடையாது, துருப்பிடிக்காது. வேறென்ன வேண்டும்?

மாதி அந்தப் பானையில்தான் பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவைத்தாள். விடியும்போது புளிப்பு அதற்குள் கண் விழித்தது.

“இது யார் வீடு?” என்றது புளிப்பு.

“என் வீடுதான். வா, உட்கார்,” என்றது காரீயம்.

“உட்கார நேரமில்லை. இந்தச் சோறு எவ்வளவு பழசு என்று நாக்குக்குச் சொல்ல வேண்டும்.”

“தாராளமாகச் சொல். அதற்குமுன் என் சுவரைக் கொஞ்சம் நக்கிப் பார்.”

புளிப்பு நக்கியது. திரும்பும்போது அதன் குரல் மாறியிருந்தது. தித்திப்பாகப் பேசியது. என்ன சொல்ல வந்தோம் என்பது அதற்கு மறந்தே போயிற்று.

“ஏ மாதி, உன் வூட்டுக் கஞ்சியில என்னாத்தப் போடுற? வெல்லம் கரைச்ச மாதிரி இருக்குதே!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“ஒண்ணும் போடலக்கா. பான ராசி,” என்று மாதி சிரித்தாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் குழந்தை அழாமலே பிறந்தது. தட்டிப் பார்த்தார்கள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். அது வாயே திறக்கவில்லை. புதைத்துவிட்டு வந்து, மலைச்சாமிக்கு ஏதோ குறை என்று கோழி அறுத்தார்கள்.

பிறகு இருசனின் கை தொங்கிப்போயிற்று. மணிக்கட்டை நிமிர்த்தினால் தானாக மடங்கி விழுந்தது. வயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்குவதாகச் சொல்லிச் சுருண்டு படுத்தான்.

“உடம்புல சத்து இல்லடா. வூட்டுக் கஞ்சிய நல்லாக் குடி,” என்றார் மேஸ்திரி.

மாதி இன்னும் ஒரு சட்டி ஊற்றிக் கொடுத்தாள். ஆசையாக ஊற்றிக் கொடுத்தாள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

மறுபடியும் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. மசக்கை வந்தது, புளிப்புக்கு நாக்கு ஏங்கியது. கஞ்சியைக் குடித்தாள், தித்தித்தது. புளியைக் கரைத்து அதே பானையில் ஊற்றி ஒரு பொழுது வைத்துக் குடித்தாள். அதுவும் தித்தித்தது. ஊறுகிற கஞ்சி இனிக்கலாம், ஏதோ ராசி என்று விடலாம். புளி எப்படி இனிக்கும்?

“புளியவே தின்னுப்புட்டியா நீ?” என்று பானைக்குள் கை விட்டுத் தடவினாள். அடிப்பக்கம் குழி குழியாக இருந்தது. ஒரு குழியில் அவள் கட்டைவிரல் அமுங்கியது.

“மாமா, பான தேஞ்சிருக்குது.”

“தேயட்டும் புள்ள. அதுக்கென்ன இப்போ?”

“தேஞ்சதெல்லாம் எங்க போச்சு?”

மாதி அவனுடைய தொங்கும் கையைப் பார்த்தாள். அழாமல் பிறந்ததை நினைத்தாள். பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“கல்யாணப் பானைய எவளாச்சும் வெளிய போடுவாளா? ஊரே சிரிக்கும்,” என்றான் இருசன்.

“சிரிக்கட்டும் மாமா. வயித்துல இருக்கறது பொறந்ததும் அழுவணும். எனக்கு அது போதும்.”

கல் தீர்ந்து கைவிட்ட பள்ளம் ஒன்று மலைச்சரிவில் இருந்தது. உச்சி வெயிலிலும் அதற்குள் இருட்டு. விளிம்பில் மாதி நின்றபோது இடுப்பிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

“ஏன் என்னை வெறுக்கிறாய், மாதி? நான் யாரையாவது கடித்தேனா? கதவைத் தட்டினேன், திறந்தார்கள். அவ்வளவுதான்.”

அவள் பிடியை விடவில்லை. “எம் புள்ளைய வுட்டுடு,” என்றாள்.

“நீ வீசு. எனக்குக் கோபமில்லை.”

அந்தப் பணிவுதான் அவளைப் பயமுறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். விழுந்த சத்தம் வர வெகுநேரமாயிற்று. வந்ததும் சத்தமாக இல்லை. யாரோ படுக்கையில் புரண்டு படுத்ததுபோலத்தான் கேட்டது.

அடுத்த சந்தையில் ஒரு மண்பானை வாங்கினாள். அதில் ஊறிய கஞ்சியைக் காலையில் குடித்தபோது பல் கூசியது. கண்ணில் தண்ணீர் வந்தது. புளிப்பு தொண்டை கிழியக் கத்தியது. மாதி முகத்தைச் சுளித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

வயிற்றுக்குள் குழந்தைக்கு எலும்பு கூடிக்கொண்டிருந்தது. அந்தக் குருத்தெலும்பு தாயின் எலும்பைக் கூப்பிட்டது.

“அம்மா, சுண்ணாம்பு போதவில்லை.”

“இதோ தருகிறேன்,” என்றது தாயின் எலும்பு. பிள்ளை கேட்டால் எந்தத் தாயின் எலும்பும் தனக்கென்று எதையும் ஒளித்துவைப்பதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்து அடுக்கிவைத்ததையெல்லாம் இரண்டு கையாலும் வாரியது. அதில் எது சுண்ணாம்பு, எது சுண்ணாம்பு இல்லை என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

“நானும் போகட்டுமா?” என்று கேட்டது ஓர் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல்.

“போ, போ. குழந்தை பசியாக இருக்கிறது,” என்றது எலும்பு.

வெளியே மாதி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொடுத்தாள்.

“இனிமே ஒனக்கு ஒண்ணும் ஆவாது சாமி,” என்றாள்.

உள்ளே அவளுடைய எலும்பு கொடுத்துக்கொண்டிருந்தது.