காத்தாயி வெட்டிவிட்ட தண்ணி

ம் கொட்டுவியா? கொட்டணும். நீ நிறுத்துனா அத்தையும் நிறுத்திருவேன். கால நீட்டிப் படு. ஆங், போர்வைய இழுத்துக்க.

ஒரு ஊர்ல ஒரு கண்மாய் இருந்துச்சாம். பேருதான் கண்மாய், உள்ள பொட்டுத் தண்ணி கிடையாது. நாலு வருசமா அந்தப் பக்கம் மழையே எட்டிப் பாக்கல. தரையெல்லாம் பாளம் பாளமா வெடிச்சு, வெடிப்புக்குள்ள கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுமாம். ஒருநா கொக்கு ஒண்ணு வந்து எறங்கி, அங்கிட்டுப் பாத்துச்சாம், இங்கிட்டுப் பாத்துச்சாம், விர்ருன்னு பறந்து போயிருச்சாம்.

ம்.

அந்த ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி. ஒல்லியா, வெடவெடன்னு இருப்பா. ஒரு எடத்துல நிக்க மாட்டா. அவ புருசன் சேவுகன் நேர்மாறு. உக்காந்தா எந்திரிக்க மாட்டான். பெரிய தொந்தி வேற. "ஏம்பா, ஊரே வத்திப் போச்சு, இது மட்டும் எப்படிய்யா வத்தாம இருக்கு?"ன்னு எல்லாரும் கேப்பாங்களாம். அவன் தொந்தியத் தடவிக்கிட்டு சிரிப்பானாம்.

காத்தாயி என்ன பண்ணா, கண்மாய்க்குள்ள பள்ளமான எடமாப் பாத்து ஒரு குழி தோண்டுனா. தோண்டுறா, தோண்டுறா, ரெண்டு ஆள் ஆழம் தோண்டுறா. அப்போ கீழ லேசா ஊத்து கசிஞ்சுது. அந்தத் தண்ணிய தேங்காச் சிரட்டையில மோந்து மோந்து குடத்துல நெரப்பி, பக்கத்துலயே வெள்ளரி போட்டா. ஒரு கொடிக்கு ஒரு சிரட்டைத் தண்ணி, அவ்வளவுதான். அப்புறம் கொடி படந்து, மஞ்ச மஞ்சளாப் பூத்து, காய்ச்சுது பாரு! பள்ளிக்கூடம் விட்டதும் ஊர்ப் பிள்ளைக எல்லாம் நேரா அங்கதான் ஓடும். ஆளுக்கு ஒரு பிஞ்சு குடுப்பா. நறுக் நறுக்னு கடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போகும்.

இன்னொருத்தியும் இருக்கா, மறந்துட்டேன். பக்கத்து வீட்டு இருளாயி. அவளோட ஆடு ஒருநா வந்து எட்டுக் கொடிய மேஞ்சிருச்சு. இவ ஒண்ணு சொல்ல, அவ ஒம்பது சொல்ல, அன்னையிலருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. எதிர்ல வந்தா ஒருத்தி வானத்தைப் பாப்பா, ஒருத்தி தரையப் பாப்பா.

ம். அப்புறம்?

அப்புறம் ஐப்பசி மாசம் ஒரு காலையில, கெழக்க எருமை நெறத்துல ஒரு மேகம் ஏறுச்சு. டொப். ஒரு சொட்டு. டொப் டொப். சேவுகன் கட்டில்ல உக்காந்தபடியே, "பொய் மழைடி. நாலு சொட்டு போட்டுட்டு ஓடிரும்"னான். சொல்லி வாய மூடல, சோஓஓன்னு கொட்டுச்சு பாரு! ஊரே தெருவுல எறங்கி ஆடுச்சு. இருளாயி வீட்டுல இருந்த குண்டான், சட்டி, தேக்கரண்டி வரைக்கும் வாசல்ல பரப்பி வச்சா. காத்தாயியும் முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு ஆடுனா. ஆடுனவ டக்குன்னு நின்னுட்டா.

ஏன்?

கண்மாய் ரொம்புனா தோட்டம் முங்கிப் போகும்ல? நாலு வருசமா எந்த மழையக் கேட்டு அழுதாளோ, அதே மழை அவ தோட்டத்தைக் கொண்டுட்டுப் போகப் போகுது. நெஞ்சுல சந்தோசமும் இருக்கு, வருத்தமும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா வரும்டி தங்கம், பெரியவளானா உனக்கே தெரியும்.

மத்தியானத்துக்குள்ள புயலே வந்துருச்சு. ஊஊஊன்னு காத்து. மரமெல்லாம் தலைய விரிச்சுப் போட்டு ஆடுது. அப்போ வடக்கருந்து தடதடதடன்னு ஒரு சத்தம். ஓடையில வெள்ளம்! ஆனா கண்மாய்க்குள்ள நுழையிற வாய்க்கால் நாலு வருசமா மண் மூடி, கருவேல முள்ளு மண்டிக் கெடக்கு. தண்ணி வந்துச்சு, முட்டுச்சு, வழி இல்லாம ஊர்ப் பக்கம் திரும்புச்சு. தெருவுல கணுக்கால் தண்ணி. அப்புறம் முழங்கால் தண்ணி.

காத்தாயி மம்பட்டியயும் அரிவாளையும் எடுத்துட்டா.

"அடியே, அத வெட்டி விட்டா மொதல்ல போறது உன் தோட்டம்டி"ன்னான் சேவுகன்.

"ஊரு தண்ணியில கெடந்தா நான் வெள்ளரிக்காய யாருக்குக் குடுக்குறது? எந்திரிங்க மாமா!"

அன்னைக்குத்தான் அவ சொன்ன ஒடனே அவன் எந்திரிச்சானாம். ரெண்டு பேரும் சரக் சரக்னு முள்ள வெட்டுனாங்க, மண்ண வெட்டி வெட்டித் தள்ளுனாங்க. கையெல்லாம் ரத்தம். கடைசி வெட்டு விழுந்துச்சோ இல்லையோ, தண்ணி குபுகுபுன்னு உள்ள பாஞ்சிருச்சு. காத்தாயி தோட்டத்துக்கு ஓடுனா. மடி கொள்ளுற மட்டும் பிஞ்சைப் பறிச்சா, அவ்வளவுதான் நேரம். கரையேறித் திரும்பிப் பாத்தா, மஞ்சப் பூவெல்லாம் தண்ணியில மெதக்குது. அழுதாளான்னு கேக்காத. அந்த மழையில யாருக்குத் தெரியும்?

ம்...

தூக்கம் வருதா? இன்னும் ரெண்டு கண்டம் இருக்கு, கேளு.

தண்ணி ஏறுது, ஏறுது, கரைக்குப் பாதி ஏறிருச்சு. அப்போ கரைக்கு வெளிப்பக்கம் சளசளசளன்னு ஒரு சத்தம். பாத்தா, வெயில்ல வெடிச்ச வெடிப்பும் எலி தோண்டுன வளையும் ஒண்ணாச் சேந்து ஒரு ஓட்டை! உள்பக்கம் தண்ணி சுழிச்சு சுழிச்சு அதுக்குள்ள போகுது. ஓட்டை பெருசாச்சுன்னா கரை ஒடையும். கரை ஒடைஞ்சா கீழ வீடெல்லாம் போச்சு.

"வைக்கோலு! மண்ணு! யாராச்சும் வாங்க!"ன்னு காத்தாயி கத்துறா. காத்துல அவ சத்தம் அவளுக்கே கேக்கல. சேவுகன் பாத்தான். உள்பக்கம் எறங்குனான். திரும்பி நின்னு, ஓட்டையில முதுகக் குடுத்துப் பொதக்குன்னு உக்காந்துட்டான்!

தண்ணி நின்னுருச்சு.

சிரிக்கிறியா? ஊரும் அப்புறம் சிரிச்சுச்சு. ஆனா அவனுக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி, பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. "சீக்கிரம்டி, முதுக உள்ள இழுக்குதுடி!"ன்னான்.

அப்போ தலையில வைக்கோல் கட்டோட கரையில ஒருத்தி ஓடி வர்றா. யாரு? இருளாயி! கரை கசியறத வாசல்லருந்தே பாத்துட்டு, ஆட்டுக்கு வச்சிருந்த கடைசி வைக்கோலத் தூக்கிட்டு வந்துட்டா. அவளுக்குப் பின்னாடி மம்பட்டியும் சாக்குமா ஊரே வருது.

இருளாயி வந்து நின்னா. காத்தாயியப் பாத்தா.

"என்னடி பாக்குற? மண்ணக் கொழைடி!"

"சரிக்கா"ன்னா காத்தாயி.

அவ்வளவுதான் சமாதானம். வைக்கோல முறுக்கித் திணிச்சு, களிமண்ண அப்பி, மண் மூட்டைய அடுக்குனாங்க. சேவுகனை நாலு பேர் சேந்து இழுத்தாங்க. முதுகெல்லாம் கன்னிச் செவந்து போச்சு, பாவம்.

ம்...

மூணாவது கண்டம். மழை விடல. தண்ணி கரை விளிம்பத் தொடப் போகுது. மிச்சத் தண்ணி வழிஞ்சு போறதுக்குக் கல்லால கட்டுன எடம் ஒண்ணு உண்டு, கலுங்குன்னு பேரு. அந்தப் பக்கம் போனா, கலுங்கு அடைச்சுக் கெடக்கு. எதால? வெறகால! மழைதான் இல்லையே, எடம் சும்மாதானே கெடக்குன்னு இருளாயி வருசத்துக்கும் வேண்டிய கருவேல வெறக அங்க அடுக்கி வச்சிருந்தா. அவளும் அவ மகனும் ஆறு மாசம் வெட்டுன வெறகு.

எல்லாரும் அவ மூஞ்சியப் பாக்குறாங்க. காத்தாயி மட்டும் மெதுவா, "அக்கா..."ன்னா.

இருளாயியே மொதக் கட்டைய உருவி வெள்ளத்துல எறிஞ்சா. ரெண்டாவது கட்டை. மூணாவது கட்டை. எல்லாரும் பாஞ்சு இழுத்தாங்க. கடகடகடன்னு அடுக்கு சரிஞ்சுது, தண்ணி வெறகையும் தூக்கிக்கிட்டு ஓஓன்னு கலுங்கு தாண்டி ஓடையில விழுந்துச்சு. கரை தப்பிச்சுருச்சு. ஊரும் தப்பிச்சுருச்சு. பொழுது அடைய, காத்தும் மெல்ல மெல்லத் தணிஞ்சுது.

ரெண்டு மூணு வீட்டுக் கூரை போயிருந்துச்சு. அவங்க எல்லாரும் இருளாயி வீட்டுலதான் படுத்தாங்க. ஒரே பானையில கஞ்சி, எல்லாருக்கும் அரை வயிறு.

மறுநா காலையில பளிச்சுன்னு வெயிலு. கரையில ஊரே நிக்குது. நாலு வயசுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தண்ணி என்னன்னே தெரியல, "அம்மா, இது யாருது?"ன்னு கேட்டுச்சாம்.

"நம்மளுதுதான்"னா காத்தாயி. கால மெதுவா உள்ள வச்சா. முழங்கால், இடுப்பு, கழுத்து. மூக்கப் புடிச்சுக்கிட்டு முழுகுனா. குளுகுளுன்னு, தலை முதல் கால் வரைக்கும் நனைஞ்சு, நல்லா மூச்சு முட்டுற மட்டும் உள்ளயே இருந்தா. அப்புறம் பொளக்குன்னு வெளிய வந்து, முடிய ஒதறி, "வாங்கக்கா, என்ன கரையிலயே நிக்கிறீங்க!"ன்னு கூப்பிட்டா. இருளாயி சேலையோட தொப்புன்னு குதிச்சா. பின்னாடியே பிள்ளைக எல்லாம் தொப் தொப் தொப் தொப்...

ம் காணமே? தூங்கிட்டியா?

சரி. கதை கரையேறிருச்சு, நீ கண்ண மூடிக்க, தங்கம்.