கணக்கில் இல்லாத சர்வர்

தென்காசிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே கணினி மையத் தலைவர் ஞானசிகாமணி. மனுஷனுக்கு அறிவைவிட அதிகாரம் ஒரு படி கூட.

ஒப்பந்த ஊழியர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார். "எத்தனை சர்வர் ஓடுதுன்னு தாளாளர் கேக்காரு. சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் வேணும். சர்வர் ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது. முடியலைன்னா நாளைக்கு வராத."

நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் தானே தட்டிப் பார்த்து, பதில் தரும் சர்வரை எல்லாம் பட்டியலில் ஏற்றும் புரோகிராம் ஒன்றை எழுதி ஓடவிட்டு, அவள் டீ குடிக்கப் போனாள்.

சாயங்காலம் தாளாளர் முன்னால் பட்டியல் வந்தது. நாற்பத்தொன்று.

"ரெஜிஸ்டர்ல நாப்பதுதான் இருக்கு. இந்தக் கடைசி சர்வரே கிடையாது. இவ புரோகிராம் உளறுது," என்றார் ஞானசிகாமணி.

"அப்போ அதை நிறுத்திரட்டுமா சார்?" என்றாள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள்.

"கிடையாதுங்கேன். தாராளமா நிறுத்து."

உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறுத்தினாள். இரண்டே நிமிஷத்தில் ஞானசிகாமணியின் போன் அலறியது. எடுத்துக் கேட்டவர் இசக்கியம்மாள் பக்கம் பாய்ந்தார்.

"என் மருமகன் கம்பெனி மொத்தமும் அதுலதான ஓடுது, அதை எதுக்கு அணைச்ச?"

தாளாளர் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எதை சார்?" என்றாள் இசக்கியம்மாள்.