துப்பாக்கி தின்ற சந்தனம்

மழை பெய்தால் நாடு, பெய்யாவிட்டால் காடு என்று சொல்லும்படி மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பாளையம். ஊத்துமடை என்று பேர். அதை ஆண்டவர் திருவேங்கட நாயக்கர். பாளையம் சின்னதுதான், ஆனாலும் மகாராஜா என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு ராணிகள் இரண்டு, அடுப்படி இரண்டு, மைத்துனர்கள் இரண்டு. யோசனை சொல்ல மட்டும் ஒரே ஆள், குழைக்காதன்.

குழைக்காதனின் இடது கை எப்போதும் கன்றிப்போய் இருக்கும். காரணம் ஊருக்குத் தெரியாது. கோயிலில் வேட்டுப் போடும்போதெல்லாம் மகாராஜா பயத்தில் பக்கத்தில் நிற்பவரைக் கிள்ளிவிடுவார். பக்கத்தில் நிற்பது குழைக்காதன். ராஜாவே பயப்படுகிறார் என்று வெளியே சொல்ல முடியுமா?

விஜயதசமியன்று ராஜா குதிரையேறிப் போய் வாழைமரத்தின் மேல் அம்பு விட வேண்டும். பாளையத்து வழக்கம் அது. அம்பு சத்தம் போடாது, ஆகையால் வருஷா வருஷம் நிம்மதியாக நடந்தது.

அந்த வருஷம் நவராத்திரிக்குப் பெரிய ராணியின் தம்பி பங்காரு ஒரு கைத்துப்பாக்கியோடு வந்து இறங்கினான். குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டிக் குண்டைப் போட்டு இடிக்கிற துப்பாக்கி. குண்டு ஒவ்வொன்றும் நெல்லிக்காய் பருமன்.

"மாமா, அம்பெல்லாம் போதும். இந்த வருஷம் இதால சுடுங்க. வாழை என்ன, யானையே விழும்!"

இதைக் கேள்விப்பட்டுச் சின்ன ராணியின் தம்பி கெங்குசாமியும் ஒன்றோடு வந்து குதித்தான். அதன் குண்டு சுண்டைக்காய் பருமன்.

"யானை விழறதுக்கு முன்னால சுடுறவர் விழுவார், மாமா. அது உதைக்கிற உதையில குதிரையோட வால்ல போய் உட்காருவீங்க. இது கையில பூ மாதிரி நிக்கும். குறி தப்பாது."

"சுண்டைக்காயை வெச்சுக் குறி பார்த்து என்னத்துக்குய்யா? வத்தக்குழம்பு வைக்கவா?"

"நீ நெல்லிக்காயை ஊறுகாய் போடேன்!"

அக்காமார்கள் தம்பிமார்களோடு சேர்ந்துகொண்டார்கள். "என் தம்பியோட துப்பாக்கியை மகாராஜா எடுத்தால்தான் அடுப்பு மூட்டுவேன்" என்றாள் பெரிய ராணி. சின்ன ராணியும் அதையே சொன்னாள். மகாராஜா கோயில் சுண்டலைத் தின்று காலம் தள்ளினார். ஆயுத பூஜையன்று காலையில் குழைக்காதனைக் கூப்பிட்டார்.

"குழைக்காதா, நாளைக்கு விஜயதசமி. எந்தத் துப்பாக்கின்னு நீதான் சொல்லணும். ரெண்டு ராணியும் முகம் சுளிக்கக் கூடாது. ரெண்டு அடுப்பும் எரியணும். இல்லேன்னா உன்னை மொட்டையடிச்சு, கழுதை மேல பின்பக்கமா உட்கார வெச்சு ஊரைச் சுத்த விடுவேன். சுண்டல் தின்னுத் தின்னு வயித்துக்குள்ளேயே வேட்டுப் போடுதுய்யா!"

"மகாராஜாவுக்கு எது பிடிச்சிருக்கு?"

ராஜா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எது சத்தம் கம்மி?"

"ரெண்டுமே காதைக் கிழிக்குமாம்."

ராஜாவின் முகம் வாடியது. குழைக்காதன் கன்றிப்போன கையைத் தடவிக்கொண்டான். அப்போதே அவனுக்கு வழி தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அம்பாள் சந்நிதியில் வாள், வேல், வில், கத்தி, அரிவாள்மனை எல்லாம் பூஜைக்கு வந்தன. இரண்டு துப்பாக்கிகளும் வந்தன. சந்தனம் வைக்கிற நேரம் பார்த்து குழைக்காதன் பங்காருவிடம் ஒதுங்கினான்.

"ஐயா, அம்பாளுக்கு எதுல சந்தனம் கூடுதலோ அதுமேல தானே கண்ணு போகும்? கெங்குசாமி ஐயா கிண்ணம் நிறைய அரைச்சு வெச்சிருக்காரு. எனக்கென்ன, சொன்னேன்."

பிறகு கெங்குசாமியிடம் போனான். அங்கேயும் இதே பேச்சு, பேரை மட்டும் மாற்றி.

பங்காரு கைப்பிடியில் அப்பினான். கெங்குசாமி கைப்பிடியிலும் குழலிலும் அப்பினான். வெளியே இடம் தீர்ந்ததும் பங்காரு குழலுக்குள்ளே ஊற்றினான். கெங்குசாமி உள்ளே ஊற்றி, குச்சி விட்டு இடித்து, மேலும் ஊற்றினான். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது அல்லவா? விடிவதற்குள் சந்தனம் இறுகிச் செங்கல்லாகிவிட்டது.

காலையில் ஊரே கூடியது. மகாராஜா குதிரை மேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். பங்காரு தன் துப்பாக்கியில் மருந்து கொட்டினான். மருந்து வாயிலேயே நின்றது. கெங்குசாமியுடையதிலும் அப்படித்தான். இரண்டு பேரும் குச்சியைத் தேடினார்கள்.

"நில்லுங்க!" என்று கத்தினான் குழைக்காதன். "அது அம்பாளுக்குச் சாத்தின சந்தனம். அதைக் குச்சி விட்டு நோண்டப் போறது யாரு? முன்னால வாங்க, பார்ப்போம்."

மைத்துனர்கள் இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தார்கள்.

"பெருசு, சிறுசுன்னு பார்க்காம ரெண்டையும் அம்பாளே ஏத்துக்கிட்டா. மகாராஜா ரெண்டையும் இடுப்புல செருகிக்கட்டும். கையில வழக்கம்போல வில்லு இருக்கட்டும்."

வலது இடுப்பில் நெல்லிக்காய், இடது இடுப்பில் சுண்டைக்காய். ராணிகள் இரண்டு பேரும் அவரவர் தம்பியின் துப்பாக்கியை மட்டும் பார்த்து மகிழ்ந்துபோனார்கள். அம்பு சத்தமில்லாமல் வாழையில் தைத்தது. மகாராஜா அன்றைக்குச் சிரித்த மாதிரி என்றைக்கும் சிரித்ததில்லை. மதியம் இரண்டு அடுப்பும் எரிந்தன.

"குழைக்காதா, உனக்கு என்ன பரிசு தெரியுமா? ரெண்டு அடுப்படியிலயும் விருந்து!"

குழைக்காதன் பெரிய ராணியின் பாயசத்தைக் குடித்தான். சின்ன ராணியின் பாயசத்தையும் குடித்தான். வாயைத் துடைக்கும்போது ராணிகள் இரண்டு பேரும் எதிரே வந்து நின்றார்கள்.

"குழைக்காதா, உண்மையைச் சொல்லு. யார் பாயசம் ருசி?"

குழைக்காதன் மகாராஜாவைப் பார்த்தான். மகாராஜா அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"தாயே," என்றான் குழைக்காதன், "நேத்து அரைச்ச சந்தனம் மிச்சம் இருக்கா? என் வாய்க்கு ஒரு கிண்ணம் வேணும்."