உருகாத கொப்பரை

ஆறுகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்து, மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலம் அது. கேட்பவர்களே, அந்தக் காலத்திலும் அரசர்கள் சண்டை போட்டார்கள்.

நெடுங்கோடன் என்ற அரசனுக்கும் ஆற்றின் அக்கரை அரசனுக்கும் ஒரு மணல்திட்டின் மேல் வழக்கு. நாணல் முளைத்த சின்னத் திட்டு. நான்கு எருமைகள் ஏறினால் ஐந்தாவது தண்ணீரில்தான் நிற்கவேண்டும். அதற்காகப் போர் என்று முடிவாயிற்று.

போர் என்றால் சும்மாவா? முதலில், வைத்தியசாலைக்கு விட்டிருந்த நெல்வயலைக் குதிரைகளுக்குக் கொள்ளு விதைக்க எடுத்தான் நெடுங்கோடன். நோயாளிகளுக்குக் கஞ்சி நின்றது. அடுத்து, அங்கிருந்த எண்ணெயைத் தீப்பந்தங்களுக்கு எடுத்தான். புண்களுக்குத் தைலம் நின்றது. மூன்றாவதாகப் பாத்திரம் வார்க்கும் கன்னான் ஆதனைக் கூப்பிட்டு, "வைத்தியசாலையில் மருந்து காய்ச்சும் வெண்கலக் கொப்பரையை உருக்கினால் எத்தனை வேல் வரும்?" என்று கேட்டான்.

ஆதன் வேல்களை எண்ணவில்லை, நாட்களை எண்ணினான். நாட்டில் காய்ச்சல் பரவியிருந்தது. அதற்கு மருந்து ஒரு மலைமரத்தின் பட்டை. அது பகல் முழுதும் கொதித்தால்தான் சாறு விடும். எந்த மண்பானையும் அவ்வளவு தாங்காது. அவன் மனைவி வெண்ணி ஒன்பது நாளாக அந்தக் கஷாயத்தைத்தான் குடித்துவந்தாள். பன்னிரண்டு நாள் குடித்தால் பிழைப்பாள் என்று மருத்துவச்சி சேந்தி சொல்லியிருந்தாள். இன்னும் மூன்று நாள் வேண்டும்.

"என்னடா, வாயில் ஈயம் ஊற்றியவன் மாதிரி நிற்கிறாய்?" என்றான் சேனாதிபதி.

"முந்நூறு வேல் வரும், அரசே" என்றான் ஆதன். "ஆனால் எங்கள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊட்டி வளர்த்த பாத்திரத்தை உலையில் வைக்கும்முன், அதன் சொந்தக்காரர் அதிலிருந்து கடைசியாக ஒருமுறை குடிக்கவேண்டும். இல்லாவிட்டால் உலோகம் மனத்தாங்கலோடு உருகும். வார்த்த வேல் களத்தில் முறியும்."

போருக்குப் புறப்படும் எந்த அரசனுக்கு முறியும் வேல் பிடிக்கும்? "குடிக்கச் சொல். யார் சொந்தக்காரர்?"

"விளிம்பில் உங்கள் பாட்டனார் வெட்டுவித்த எழுத்து இருக்கிறது, அரசே."

போய்ப் படித்தார்கள். 'காய்ச்சலோடு வருபவர் எவரோ, இது அவருடையது' என்றிருந்தது.

சேனாதிபதி சிரித்தான். "நாலு கிழவர்கள் வருவார்கள். ஒரு பகல் வேலை."

"கடைசி ஆள் குடித்ததும் உருக்கு" என்று அரசன் ஆணையிட்டான்.

முதல் நாள் ஊரே வந்தது. இரண்டாம் நாள் மலைக்குடிகள் இறங்கி வந்தார்கள். சேந்தி அகப்பையைக் கீழே வைக்கவில்லை. ஆதன் விறகு சுமந்தான். வரிசையின் வாலைப் பார்ப்பான். வெண்ணியின் முகத்தைப் பார்ப்பான். மறுபடி வாலைப் பார்ப்பான்.

மூன்றாம் நாள் அக்கரையிலிருந்து பரிசல்கள் வந்தன. போர் வந்துவிட்டதென்று ஊர் அலறியது. இறங்கியவர்கள் வீரர்கள்தான், கையில் வேலும் இருந்தது. ஆனால் தோள்களில் காய்ச்சல் கண்ட பிள்ளைகள்.

முன்னால் வந்தவன் வேலைத் தரையில் வைத்தான். "தாயே, எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கொப்பரை இருந்தது. போன கோடையில் எங்கள் அரசர் உருக்கி வேலாக்கிவிட்டார். இதோ, இதுதான் அது. இதை வைத்துக்கொண்டு என் மகளுக்கு ஒரு வாய் கொடுங்கள்."

சேந்தி ஆதனைப் பார்த்தாள். பகைவன் பிள்ளைக்கு ஊற்றினால் தலை போகலாம். ஆதன் விளிம்பைத் தடவினான். "இக்கரை அக்கரை என்று இதில் எழுதவில்லையே, அக்கா."

அவள் ஊற்றினாள்.

உச்சிப்பொழுதில் அரசனே வந்து முன்னால் நுழைந்தான். கொப்பரையின் ஆவியில் சேந்திக்கு முகம் தெரியவில்லை. "யாரய்யா அது, நடுவில் நுழைவது? வரிசை புளியமரத்தடியில் முடிகிறது. போய் நில்லும்!"

அரசன் வாசலில் குவிந்திருந்த வேல்களைப் பார்த்தான். "ஆதா, இவை யாருடையவை?"

"அக்கரை வேல்கள், அரசே. பிள்ளைக்கு மருந்து தந்த இடத்தின்மேல் எறிய மனம் வராது என்று அவர்களே வைத்துவிட்டார்கள்."

"கொப்பரையை அன்றே உருக்கியிருந்தால்?"

"நம்மிடம் முந்நூறு வேல், அவர்களிடம் முந்நூறு வேல். திட்டில் நிற்க இடம் போதாது, அரசே."

அரசன் சிரித்துவிட்டான். சேனாதிபதி தன் செருப்பு நுனியைப் பார்த்தான். "எனக்கும் நேற்றிலிருந்து உடம்பு காய்கிறது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அரசன் புளியமரத்தடிக்குப் போய் ஒரு மலைக்குடிக் கிழவியின் பின்னால் நின்றான்.

கொப்பரை உலைக்குப் போகவில்லை. வைத்தியசாலைக்கு வயல் திரும்பியது. எண்ணெய் திரும்பியது. அக்கரை வேல்களை உருக்கி ஆதன் இரண்டாவது கொப்பரையை வார்த்தான். வேல்களுக்குக் கடைசிக் குடிப்பு என்ற சடங்கு தேவைப்படவில்லை. வேல் யாருக்கும் எதையும் குடிக்கத் தந்ததில்லையே. அவன் விளிம்பில் அதே எழுத்தை வெட்டியபோது கொப்பரையை அசையாமல் பிடித்துக்கொண்டவள் வெண்ணி. பன்னிரண்டு நாள் மருந்தும் குடித்து முடித்திருந்தாள்.

அந்தக் கொப்பரை பரிசலேறி அக்கரைக்குப் போயிற்று. வேல் எறிய ஆளில்லாத அக்கரை அரசன் வழக்கை விட்டுவிட்டான். மணல்திட்டா? அடுத்த வெள்ளத்தில் அதுவே போய்விட்டது.

ஆகவே கேட்பவர்களே, நோயாளியின் மருந்தைப் பறித்து வேல் வார்க்கும் நாடு தன் காவலையே உருக்குகிறது. எல்லாருக்கும் மருந்து தரும் நாட்டுக்குப் பாதிப் பகை தானே தீரும்.