பதினெட்டு நிமிட அப்பம்

குருவைத் தேடுகிறவர்கள் மலை ஏறுவார்கள் என்று கேள்வி. மாதையன் குடியிருந்ததே குன்னூர் மலையில்தான். அதனால் அவர் கடைத்தெருவுக்கு இறங்கிப் போனார்.

கடைத்தெருவின் கோடியில் லூர்துமேரி மூன்று மேசை போட்டு ரொட்டிக்கடை நடத்திவந்தார். வயது நாற்பத்திரண்டு. ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மா. மாதையனுக்கு அறுபத்தாறு. முப்பத்துநாலு வருஷம் தேயிலை லாரி ஓட்டியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்.

"ஓவன் அப்பம் சுடக் கத்துக்கணும்," என்றார்.

"எதுக்கு அண்ணே?"

"அக்கா வருது. ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு. ஒரு வேளை சாப்பிட்டுட்டுக் கிளம்பிடும்."

"இட்லி ஊத்திப் போடலாமே."

"இட்லி எல்லார் வீட்டுலயும் இருக்கு."

அது முழுப் பதில் இல்லை. அவருக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். பன்னிரண்டு வயது அக்கா பட்டம்மாள் ஒரு எஸ்டேட் பங்களாவில் குழந்தை பார்க்கப் போனாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் இந்த அப்பம்தான். சம்பா கோதுமை மாவு, முட்டை, பால். இரும்புச் சட்டியோடு ஓவனுக்குள் போகும். வெளியே வரும்போது தொப்பி மாதிரி எழும்பி நிற்கும். பட்டம்மாள் கதவோரம் நின்று பார்ப்பாள். வீட்டார் தின்று மிஞ்சியதில் ஒரு துண்டு அவள் பங்கு. அதைத் தின்னாமல் பாவாடையில் முடிந்து தம்பிக்குக் கொண்டுவருவாள். வீடு வந்து சேர்வதற்குள் அது ஆறி, அமுங்கி, பழைய தோசை மாதிரி கிடக்கும்.

"இப்படி இல்லடா மாதையா," என்பாள் ஒவ்வொரு தடவையும். "இந்த உசரம் இருந்துச்சு." கையை உயர்த்திக் காட்டுவாள்.

அந்த உயரத்தைத் தம்பி பார்த்ததில்லை. அக்கா பார்த்திருக்கிறாள், ஆனால் அது அவள் தட்டுக்கு வந்ததில்லை.

"மைதான்னா லேசு," என்றார் மாஸ்டரம்மா. "சொன்ன பேச்சு கேக்கும். சம்பா கோதுமை வீம்பு புடிச்சது."

"அப்ப நமக்கு ஒத்துவரும்," என்றார் மாதையன்.

முதல் நாள் மாவைக் கரைத்ததும் சட்டியில் ஊற்றப் போனார். மாஸ்டரம்மா கையைப் பிடித்தார்.

"இருங்க. மாவு இன்னும் மொறைச்சுக்கிட்டு இருக்கு. பாலைக் குடிக்கல. அரை மணி நேரம் விடுங்க."

"விட்டா?"

"அதுவா எளகும்."

விட்டார்கள். இளகியது. காய்ந்த சட்டியில் வெண்ணெய் நுரைத்தது. மாவை ஊற்றி ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஏழாவது நிமிடம் மாதையன் கதவைத் திறந்து பார்த்தார். லாரிக்காரர் அல்லவா, பானெட்டைத் திறந்து பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. பாதி எழும்பிய அப்பம் அவர் கண் முன்னாலேயே தொய்ந்தது.

"என்னாச்சு?"

"நீங்க பாத்தீங்க. அதான் ஆச்சு. குளிர்க் காத்து பட்டா எந்திரிக்காது. உள்ள வச்சுட்டா கதவைத் திறக்காதீங்க."

"சந்தேகம் வந்துருச்சு மாஸ்டரம்மா."

"யார் மேல?"

மாதையன் சட்டியைத் தேய்க்கப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் திறக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பதினெட்டு நிமிடம் நின்றார். அப்பம் சட்டியின் விளிம்பைத் தாண்டி எழுந்தது. ஓரங்கள் பழுப்பாகச் சுருண்டன. அறுபது வருஷமாகக் கேள்விப்பட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். மேசையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து அழகு பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெருமூச்சு விட்டதுபோல் அமுங்கியது.

"இது எறங்காம இருக்க என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு நிமிசம்தான் அதுக்கு."

"அப்புறம் எதுக்கு இத்தனை பாடு?"

அந்நேரம் ஒரு குடும்பம் கடைக்குள் வந்தது. மாஸ்டரம்மா போய் மேசையைத் துடைத்தார். எல்லோரையும் உட்காரவைத்தார். தட்டு வைத்தார், தேன் வைத்தார், எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து சட்டியை ஓவனில் வைத்தார்.

மாதையனுக்குப் பொறுக்கவில்லை. "வெறுந்தட்டு முன்னாடி மனுசனை இவ்வளவு நேரம் உக்கார வச்சா எந்திரிச்சுப் போயிருவான்."

"எந்திரிச்சுப் போனவங்க இருக்காங்க."

"அப்புறம்?"

"அவங்க அந்த உசரத்தைப் பாத்ததில்லை."

மாதையனின் முகம் கறுத்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்.

மூன்றாம் நாள் மாவு ஊறும் நேரத்தில் தானாகவே வாயைத் திறந்தார்.

"நானும் எந்திரிச்சுப் போனவன்தான். அக்கா மக கல்யாணம். ஊட்டில. அரிசி, காய்கறி அத்தனையும் என் லாரிலதான் ஏறிச்சு. நான் பொண்ணுக்குத் தாய்மாமன். மொதப் பந்தியில உக்காந்து இலையில கை வச்சுட்டேன். அக்கா புருசனோட தம்பி வந்து தோளைத் தட்டறான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்கிறாங்களாம், நான் அடுத்த பந்தியில சாப்பிடணுமாம்."

"அடப்பாவமே."

"தாய்மாமனை இலையிலருந்து எழுப்பறான், மாஸ்டரம்மா! அக்கா தண்ணிச் சொம்போட அங்கதான் நிக்குது. பாத்துச்சு. வாயைத் திறக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எதுக்குச் சொல்லணும்? எந்திரிச்சேன், வண்டியை எடுத்தேன், வந்துட்டேன். பதினோரு வருசமாச்சு."

"ஊட்டி ஒரு மணி நேரம்தானே அண்ணே?"

"ஒரு மணி நேரம்தான்," என்றார் மாதையன்.

இன்னொன்றை அவர் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அக்காவின் புருஷன் செத்துப்போனார். தாலி இறங்குகிற நாளில் பிறந்த வீட்டுச் சேலையைக் கூடப்பிறந்தவன்தான் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். மாதையனின் மனைவி வேணி சேலை எடுத்து வைத்து, கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ போர்த்தினாராம். அந்தச் சேலை இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்தது. கல்யாணத்தில் நடந்ததைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். சேலையைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்போது அக்காவே சொல்லி அனுப்பியிருந்தாள். மகன் குணசீலன் அவளை மஸ்கட்டுக்குக் கூட்டிப்போகிறான். கோயம்புத்தூரில் விமானம். "போற வழிதானே, தம்பி கையால ஒரு வாய் தின்னுட்டுப் போறேன். இனி எங்க வரப்போறேன்," என்றாளாம்.

மாஸ்டரம்மா சனிக்கிழமை மாவும் சட்டியும் கொடுத்து அனுப்பினார். "அவங்களை உக்கார வச்ச பிறகு ஓவன்ல வைங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம்."

"தெரியும்," என்றார் மாதையன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாவைக் கரைத்து மூடி வைத்தார். தன் மகன் வாங்கி அனுப்பிய கரண்ட் ஓவனைத் துடைத்தார். வெளியே பனியும் காற்றுமாக இருந்தது. அப்பத்துக்கு ஆகாதே என்று ஜன்னலைச் சாத்தினார். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார்.

குணசீலன் போன் செய்தான். வேணி எடுத்தாள். "கேத்தி தாண்டிட்டாங்களாம்."

அந்த ரோட்டில் எத்தனை வளைவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் மாதையன். இத்தனை நிமிஷத்தில் வரும், இத்தனை நிமிஷத்தில் உட்காரும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அக்கா உட்காரவும் அப்பம் வரவும் சரியாக இருக்க வேண்டும். வெறுந்தட்டு முன்னால் அக்காவைக் காக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை. சட்டியை உள்ளே வைத்துவிட்டார்.

ரோடு காலியாக இருந்தது போலிருக்கிறது. ஆறாவது நிமிடம் வெளியே கார் நின்றது.

"ஏங்க, அண்ணி வந்துட்டாங்க. கேட் கிட்ட நிக்கிறாங்க."

"உள்ள வரச் சொல்லு."

"நீங்க வந்து கூப்பிடணும். கதவு வேற சாத்திக் கெடக்கு."

"ஓவனை விட்டுட்டு எப்படி வர்றது?"

"ஓவன் எங்க ஓடியா போகும்?"

"பன்னெண்டு நிமிசம்டி. அதுக்குள்ள உள்ள வந்து உக்காரச் சொல்லு."

பகை விழுந்த வீட்டில், வீட்டுக்காரன் வாசலுக்கு வந்து 'வா' என்று சொல்லாமல் படி ஏறுவது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. வேணி தாழ்ப்பாளை நீக்கி ஓடினாள். அவள் பின்னால் கதவு காற்றில் மறுபடி சாத்திக்கொண்டது.

ஓவன் கண்ணாடிக்குள் அப்பம் எழும்பிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் கண்ணாடி வழியாகக் கேட் தெரிந்தது. அக்கா மெலிந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேணி சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள், ஆனால் அடி எடுத்து வைக்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓவனை விட்டுப் போக முடியாது என்று மாதையன் தனக்கே மறுபடி சொல்லிக்கொண்டார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு நான் எழுந்து போனேன், நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு நீயே ஒரு வார்த்தை கூப்பிடு. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அதுதான். கேட்டிலிருந்து 'மாதையா' என்று ஒரு குரல் வந்தால் போதும், ஓடியிருப்பார். குரல் வரவில்லை. குணசீலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஓவன் மணி அடித்தது.

துணி சுற்றிச் சட்டியை எடுத்தார். பங்களாவில்கூட அந்த உயரம் எழும்பியிருக்காது. சட்டியோடு கூடத்தைத் தாண்டி வாசல் கதவு வரைக்கும் வந்தார். ஒரு கையால் கதவைத் திறந்தால் போதும். அங்கேயே நின்றார். கதவின் இந்தப் பக்கம் நின்று, கையிலிருந்த அப்பம் மெல்ல மெல்ல இறங்கிச் சட்டியோடு சட்டியாகப் படிவதைப் பார்த்தார்.

வேணி உள்ளே வந்து அவரைப் பார்த்தாள். ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். இந்தத் தடவை கதவு சாத்திக்கொள்ளவில்லை. மாதையன் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"அண்ணி, அவரு சுட்டது. இந்த உசரம் இருந்துச்சு, சத்தியமா."

அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும் வேணி. நானும் அவனுக்கு இப்படித்தானே கொண்டு வந்து குடுத்தேன்."

நின்றபடியே முழுவதையும் தின்றாள். விரலைத் துடைத்துக்கொண்டாள். "ருசியா இருந்துச்சுன்னு சொல்லு," என்றாள். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை மாதையன் சட்டியைக் கழுவி, எண்ணெய் தடவி, கடைக்குக் கொண்டுபோனார்.

"எழும்பிச்சா அண்ணே?"

"எழும்பிச்சு."

"அக்கா பாத்தாங்களா?"

அவர் நடந்ததைச் சொன்னார். இந்தத் தடவை பீரோவில் இருக்கும் சேலையையும் சேர்த்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்த கோபம்.

"மாவு ஊற விட்டேன். சூடு சரியா இருந்துச்சு. நீங்க சொன்னபடி கதவைத் திறக்கல. ஒரு தடவைகூடத் திறக்கல. இன்னும் நான் என்னதான் பண்ணியிருக்கணும்?"

மாஸ்டரம்மா சட்டியை வாங்கி ஆணியில் மாட்டினார். அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வச்சதுக்கப்புறம் பதினெட்டு நிமிசம் நமக்கு ஒரு வேலையும் கெடையாது அண்ணே," என்றார். "நான் திறக்காதீங்கன்னு சொன்னது ஓவன் கதவை."